பெயர் வரும் இடம்

எர்ணாவூர்
29 ஜனவரி 2024

பேராசிரியர் ஜூடி அவர்களுக்கு,

வணக்கம். நான் ரமாபாய். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் பில் போடுகிறவள். போன வருடம் நீங்கள் சில முறை என் வீட்டுக்கு வந்து, இலங்கைக்கு இந்திய ராணுவத்தில் போய் அங்கேயே செத்துப்போன என் அண்ணனைப் பற்றிப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனீர்கள். என்னை மறந்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதை வைத்துக்கொள்வீர்கள், எதைத் தூக்கிப் போடுவீர்கள் என்பது இப்போது எனக்குத் தெரியவில்லை. அதனால் யாரென்று சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

ராயபுரத்தில் பழைய கிடங்கில் நீங்கள் வைத்திருக்கும் கண்காட்சிக்கு நேற்று போனோம். நானும் என் வீட்டுக்காரர் ஜெயவேலும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். "இன்னா மே, கல்யாணத்துக்கா போற? உன் கொரலுதான மிஷின்ல வரப்போவுது, மூஞ்சியா வரப்போவுது?" என்று வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தார். ஆனாலும் அவரும் புதுச் சட்டைதான் போட்டிருந்தார்.

உள்ளே சுவரோரமாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். என் மேஜை எதுவென்று அங்கே இருந்த பெண் காட்டினாள். மாட்டிக்கொண்டேன். என் குரல் வந்தது. லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தித் தடித்துப்போன குரல். கேட்க எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் குரல், "எங்க அண்ணன் பேரு" என்றது. பிறகு ஒன்றுமில்லை. செத்த போன் மாதிரி. அதற்குப் பிறகு, "நைனாதான் வெச்சாரு அந்தப் பேர" என்று தொடர்ந்தது.

மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, அது அப்படித்தான். பேரெல்லாம் எடுத்துடுவோம்" என்றாள். பல்லைப் பிடுங்குவது போல் சொன்னாள். ஜெயவேல் வாங்கி மாட்டிக் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

தந்தி வந்த நாளிலிருந்து என் அம்மா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நைனாவும் சொன்னதில்லை. நாங்கள் அப்போது வியாசர்பாடியில் இருந்தோம். 'தமிழனைச் சுட்ட தமிழன் வீடு' என்று யாரோ எங்கள் சுவரில் கரியால் எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு நானும் சொன்னதில்லை. நீங்கள் வந்து உட்கார்ந்து மிஷினைப் போட்டபோது, "பேர் சொல்லலாமா?" என்று கேட்டேன். "தாராளமாகச் சொல்லுங்கள் அக்கா" என்றீர்கள். சொன்னேன். சொல்லி முடித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டதைக்கூடப் பார்த்தீர்கள்.

அந்தப் பெயரைத் திருப்பிப் போடுங்கள். முடியாதென்றால் என் குரல் முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன். குரலை வெட்டினால் வெட்டிய இடம் தெரிவதில்லை. காகிதத்தில் வெட்டினால் தெரியும். கடிதம் போடுங்கள்.

ரமாபாய்


மதுரை
8 பிப்ரவரி 2024

அன்புள்ள ரமாபாய் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் வருத்தப்பட்டதில் எனக்கும் வருத்தம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யார் பேசுகிறாரோ அவர் ஒப்புக்கொண்டால் அவருடைய பெயரை வைத்துக்கொள்ளலாம். அவர் பேச்சில் வரும் மற்றவர்களின் பெயர்களைப் பொதுமக்கள் கேட்கும் பிரதியிலிருந்து எடுத்துவிடுவோம். இறந்தவர்களின் பெயர்களையும்தான், ஏனென்றால் அவர்களிடம் ஒப்புதல் வாங்க வழியில்லை. இது உங்கள் அண்ணனுக்கு மட்டும் செய்தது அல்ல. எல்லாப் பதிவுகளிலும் செய்திருக்கிறோம். மூலப் பதிவில் பெயர் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

இதை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். "தாராளமாகச் சொல்லுங்கள்" என்று நான் சொன்னது பேச்சு தடைப்படக்கூடாது என்பதற்காக. அது கண்காட்சியிலும் ஒலிக்கும் என்று நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என எனக்குத் தோன்றவில்லை.

போரைப் பற்றிய பேச்சைச் சேகரிக்கிறவர்கள் இந்த வழக்கத்தைச் சும்மா கொண்டுவரவில்லை. ஒரு பெயர் வெளியே வந்து, அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போக நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். சண்டை நின்ற பிறகும் தெருவில் அது நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் சுவரில் எழுதியவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கக்கூடும்.

பெயரோடு கூடிய முழுப் பதிவை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். வீட்டில் கேட்கலாம்.

அன்புடன்,
ஜூடி


எர்ணாவூர்
19 பிப்ரவரி 2024

பேராசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் கேட்க எனக்கு மிஷின் எதற்கு? எனக்கு வாய் இருக்கிறது.

இறந்தவனிடம் ஒப்புதல் வாங்க முடியாது என்கிறீர்கள். சுவரில் கரியால் எழுதினவன் யாரிடம் ஒப்புதல் வாங்கினான்? அவன் எழுதினது இரண்டு மழைக்காலம் தாங்கி நின்றது. நான் சொன்னது ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

நைனாவைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மறுபடி எழுதுகிறேன். இந்த முறை யாரும் எடுக்க முடியாது. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். பெரிய படிப்பில்லை. கூட்டங்களுக்குப் போவார், பேச்சுக் கேட்பார். எனக்கு அம்பேத்கர் சம்சாரத்தின் பெயரை வைத்தார். மகனுக்கு ஒரு தமிழ் ராஜா பெயர் வைத்தார். எங்கள் தெருவிலேயே நீளமான பெயர் அதுதான். கூப்பிட முடியாமல் பசங்க "குட்டு, குட்டு" என்பார்கள். நைனா சண்டைக்குப் போவார். "முழு பேரச் சொல்லுடா. துட்டா செலவாவுது?"

அந்த மகன் கடைசியாக வந்தது 88 பொங்கலுக்கு. அதற்கு முந்தின விடுமுறையில் தெருமுனையிலேயே "நைனோவ்!" என்று கத்திக்கொண்டு வந்தவன். இந்த முறை சத்தமில்லாமல் வந்து நின்றான். இருந்த நாள் முழுக்க அவரை அவன் நைனா என்று கூப்பிடவில்லை. "சாப்ட்டாச்சா" என்பான். "தண்ணி வேணுமா" என்பான். யாரிடம் கேட்கிறான் என்றே தெரியாது. கிளம்புகிற அன்று நைனாவால் தாங்க முடியவில்லை.

"இன்னாடா, இந்திக்காரனோட சேந்து நைனாகூட மறந்துபூட்ச்சா? எங்க பேச்சு கலீஜா கீதா உனக்கு?"

அண்ணன் பெட்டியைப் பூட்டிக்கொண்டே இருந்தான். "அத்த வுட்ரு" என்றான். அவ்வளவுதான். சித்திரையில் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது.

அதற்கு அப்புறம் இரண்டு வருடம் கழித்து ராணுவம் கப்பலில் திரும்பி வந்தது. ஊரில் யாரும் மாலை போடப் போகவில்லை. நைனா போனார். அன்றைக்கு அவருக்கு வேலையே இல்லை, ஆனாலும் துறைமுகத்துக்குள் போய் நின்றார். இறங்கி வந்த ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தாராம். செத்தவன் வருவானா என்று அம்மா கேட்டதற்கு, "வர்றான்னு யாரு சொன்னா? சொம்மா பாத்தேன்" என்றார். மகன் தன்னைப் பார்த்துக் கூச்சப்பட்டான் என்றே நினைத்துக்கொண்டு 96-ல் போய்ச் சேர்ந்தார்.

இதெல்லாம் உங்கள் மிஷினில் இருக்கிறது. நானே கேட்டேன். எங்கள் வீட்டு வலி முழுக்க இருக்கிறது. யாருடைய வலி என்பது மட்டும் இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் அண்ணன் மாதிரி இருக்கிறது.

எடுத்துவிடுங்கள். அல்லது போடுங்கள்.

ரமாபாய்


மதுரை
2 மார்ச் 2024

அன்புள்ள ரமாபாய் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு முறை கிழித்துப் போட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என் அம்மா இறந்தபோதுகூட எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று இன்றும் உறவினர்கள் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் சொல்வது சரி. பாதுகாப்புக்காக வந்த ஒரு வழக்கத்தை, பாதுகாப்பு வேண்டாம், பெயர்தான் வேண்டும் என்று பேச வந்த ஒருவர் மேல் போட்டிருக்கிறோம். அந்த மௌனத்தை வைக்கும்போது நான் அதைக் காதால் கேட்கவே இல்லை. உதவியாளர் வெட்டினார், நான் தாளில் சரிபார்த்தேன். தாளில் அது ஒரு சிறு கோடு.

பெயரைத் திரும்பச் சேர்க்க அனுமதி கேட்டுக் கண்காட்சிக் குழுவுக்கு எழுதிவிட்டேன். ஏப்ரலில் கூடுகிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அண்ணனின் பெயர் வெளிப்பட்டால் அதே கண்காட்சியில் பேசியிருக்கும் வேறு யாருக்காவது சங்கடம் வருமா என்று எல்லாப் பதிவுகளையும் மறுபடி கேட்க வேண்டும். அது ஒரு சடங்குதான். வராது என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
ஜூடி


எர்ணாவூர்
10 மார்ச் 2024

அன்புள்ள ஜூடிக்கு,

பேராசிரியர் என்று இரண்டு கடிதம் எழுதிக் கை வலித்துவிட்டது. இனி ஜூடிதான்.

கடிதத்தை ஜெயவேலுக்குப் படித்துக் காட்டினேன். "தோ பார்றா, நம்ம மச்சான் பேருக்கு மீட்டிங்கெல்லாம் போடறாங்க" என்றார். பிறகு, "ஏன் மே, மிஷின்ல 'குட்டு'ன்னு வுட்டுடப் போறாங்க, முழு பேரு போடச் சொல்லு" என்றார். நைனாவின் ஆவி இவருக்குள் புகுந்துவிட்டதோ என்று இருந்தது.

அண்ணன் போட்டோ ஒன்று இருக்கிறது. ராணுவத்தில் சேர்ந்த புதிதில் எடுத்தது. தொப்பி பெரியதாக இருக்கும், காது மடங்கியிருக்கும். நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மேஜை மேல் வைக்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வைக்கக் கூடாதென்றால் பரவாயில்லை. பெயர் போதும்.

சென்னைக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். போன முறை இறால் தொக்கு போதவில்லை என்று உங்கள் முகத்தில் தெரிந்தது. நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

ரமாபாய்


மதுரை
4 ஏப்ரல் 2024

அன்புள்ள ரமாபாய் அக்காவுக்கு,

குழுவின் கூட்டம் தள்ளிப்போகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு அங்கே என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்று அவர் எப்போதாவது சொன்னாரா? ஊர்மக்களோடு பேசுகிற வேலை ஏதாவது? பதிவில் அது இல்லை.

போட்டோ பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூடி


எர்ணாவூர்
12 ஏப்ரல் 2024

ஜூடிக்கு,

உங்கள் கடிதம் கால் பக்கம்கூட இல்லை. 'அன்புடன்' என்பதுகூட இல்லை. எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்த அன்று தபால்காரர் அதை நீட்டிவிட்டு, சைக்கிள் செயினைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். செயின் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் கடிதமும் அப்படிக் குனிந்துகொண்டிருக்கிறது.

கேட்டதற்குப் பதில். ஆமாம். அவனுக்கு இந்தி நன்றாக வரும். அந்தப் பொங்கலில் அம்மா, "துப்பாக்கியெல்லாம் புடிப்பியாடா?" என்று கேட்டாள். "எனுக்கு வாயாலதான் வேலை. ஆபீசர் சொல்றத அவங்களுக்குச் சொல்லணும், அவங்க சொல்றத ஆபீசருக்குச் சொல்லணும்" என்றான். அம்மா, "அப்பாடி" என்று சந்தோஷப்பட்டாள். அவன் சந்தோஷப்படவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மற்றப் பதிவுகளைக் கேட்டதில் என்ன கிடைத்தது?

ரமாபாய்


மதுரை
20 மே 2024

அன்புள்ள ரமாபாய் அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் காக்கவைத்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியது என்னுடையது அல்ல, இன்னொருவருடையது. அவரிடம் நேரில் அனுமதி கேட்காமல் உங்களுக்கு எழுத முடியாது. போன வாரம் சென்னைக்கு வந்து கேட்டேன். சொல்லலாம் என்றார், தன் பெயரையும் ஊரையும் தவிர. நீங்கள் பெயர் வேண்டும் என்கிறீர்கள், அவர் பெயர் வேண்டவே வேண்டாம் என்கிறார். இருவருக்கும் ஒரே வழக்கத்தை வைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து படகில் வந்த பெண். இப்போது திருவொற்றியூரில் தையல் வேலை செய்கிறார். 87 கடைசியில் அவருக்குப் பதினோரு வயது. அவருடைய பதிவும் ராயபுரத்தில் இருக்கிறது, உங்கள் மேஜைக்கு மூன்று மேஜை தள்ளி. அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். நான் என் சொற்களில் சொன்னால் எங்காவது மென்மையாக்கிவிடுவேன்.

"ஆமி வந்து ஆம்பிளையளை எல்லாம் கோயிலடிக்கு வரச் சொன்னது. அப்பாவுக்குப் பயம், வீட்டுக்குள்ள இருந்திட்டார். அப்பதான் ஒரு தமிழ்ப் பொடியன் வந்தவன், ஆமி உடுப்போட. அவன்ர தமிழ் வேற மாதிரி. அப்பாவைப் பாத்து 'நைனா' எண்டு கூப்பிட்டவன். 'பேஜாராவாத நைனா, ரெண்டு கேள்வி கேட்டுட்டு வுட்ருவாங்க, நானே இட்டாந்து வுட்றேன்' எண்டு சொன்னவன். 'இட்டாந்து' எண்டால் என்னெண்டு எங்களுக்கு விளங்கேல்லை. போய்த் திரும்பி வாறமாதிரிக் கையைக் காட்டினவன், அதுதான் விளங்கினது. அப்பா அவனை நம்பி எழும்பிப் போனவர். ஏத்திக்கொண்டு போன வழியில சண்டை. ஆர் சுட்டது எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா அதிலதான் செத்தவர். அடுத்த நாள் அந்தப் பொடியன் எங்கட வாசல் படலையடியில வந்து நிண்டவன். ஒண்டும் கதைக்கேல்லை. அம்மா மண்ணை அள்ளி எறிஞ்சவ. முகத்தில பட்டும் துடைக்கேல்லை. பிறகு போயிட்டான்."

இதற்குப் பிறகு அவர் சொன்னது: "இஞ்ச வந்த பிறகுதான் அந்தத் தமிழ் எந்த ஊர்த் தமிழ் எண்டு தெரிஞ்சுது. ஷேர் ஆட்டோவில, 'நைனா, கொஞ்சம் தள்ளிக் குந்து' எண்டு ஆரும் சொன்னால் நான் அதிலயே இறங்கி நடந்திடுவன்."

அக்கா, இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தப் பையனின் பெயர் இவருக்குத் தெரியாது. அடையாளம் எதுவும் நினைவில்லை. இந்தி தெரிந்த, சென்னைப் பேச்சுப் பேசுகிற சிப்பாய்கள் அங்கே பலர் இருந்திருக்க முடியும். இரண்டு பேச்சுகளைப் பக்கத்தில் வைத்தால் பொருந்துவதுபோல் தோன்றும். பொருந்துகிறது என்பதாலேயே நான் சந்தேகப்படுகிறேன். மனித மனம் காரணம் இல்லாத இடத்தில் ஒரு காரணத்தை நட்டுவிடும். இத்தனை வருடமாக இதைத்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் அவருடைய பதிவை நான் மூன்றாவது முறை கேட்டபோது, நீங்கள் சொன்ன பொங்கல்தான் எனக்குக் கேட்டது. "அத்த வுட்ரு" என்று ஒருவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பெயரைச் சேர்த்தால், இரண்டையும் கேட்கிற யாரும் இதைச் செய்யக்கூடும். மூன்றே மேஜைதான். அப்போது அந்தப் பையனுக்கு உங்கள் அண்ணனின் பெயர் வந்துவிடும், அது அவரோ இல்லையோ. அதனால்தான் குனிந்துகொண்டேன். இனி முடிவு உங்களுடையது. குழு என்ன சொன்னாலும் உங்கள் பக்கம் நிற்பேன்.

அன்புடன்,
ஜூடி


எர்ணாவூர்
27 ஜூலை 2024

ஜூடிக்கு,

முதலில் ஒரு கோபம். திருவொற்றியூர்வரை வந்துவிட்டு எர்ணாவூருக்கு வரவில்லை. ஒரே பஸ். உங்கள் கையால் கொடுத்திருக்கலாம். தபால்காரர் கையால் வாங்கவைத்தீர்கள். எங்கள் வீட்டுக்கு இது இரண்டாவது முறை.

கடிதத்தை ஜெயவேலுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு வந்து, "அந்தம்மா இங்கதான் கீதா? நம்ம ஷேர் ஆட்டோலதான் போவுதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "நான்கூட சொல்லிக்கீறனே மே, தள்ளிக் குந்துன்னு" என்றார். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். லாரிகள் வந்தன, போயின. ஒரு டிரைவர், "இன்னா யக்கா, சரக்கு வண்டிய காலி வண்டின்னு எழுதிக்கீற" என்று சிரித்தான். சிரிக்கட்டும். எனக்கு அந்தப் படலையில் நிற்கிறவன்தான் தெரிந்தான். முகத்தில் மண். துடைக்கவில்லை என்று அந்தம்மா சொல்கிறார். எங்கள் அண்ணன் சின்ன வயதில் அடி வாங்கினால் அழமாட்டான், முகத்தைத் துடைக்கவும் மாட்டான். அதை வைத்து அவன்தான் என்று முடிவு கட்டினேன். மறுநாளே, எத்தனை பிள்ளைகள் அப்படி இருப்பார்கள் என்று தோன்றியது. நீங்கள் எனக்குச் செய்தது இதுதான். முன்பெல்லாம் எனக்குத் துக்கம் மட்டும் இருந்தது. இப்போது துக்கத்தோடு உங்கள் சந்தேகமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

படலையில் நின்றது அண்ணன் இல்லை என்றால், அவன் ஏன் நைனாவைக் கூப்பிடவில்லை என்பது எனக்கு இனி எப்போதும் தெரியாது. அவன்தான் என்றால், நைனாவை அவன் வெறுக்கவில்லை. ஆனால் அதற்கு அந்தம்மாவின் அப்பா செத்திருக்க வேண்டும். எது நடந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சில நாள் அவனாக இருக்கட்டும் என்று வேண்டியிருக்கிறேன்.

முடிவு என்னுடையது என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. அந்தம்மாவினுடையது. மண்ணை அள்ளி எறிந்த வீடு அது. என் பதிவை அவரைக் கேட்கச் சொல்லுங்கள், பெயரோடு. அவர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம். நான் மறுபடி கேட்கமாட்டேன்.

ஆனால் அண்ணன் போட்டோவைக் காட்டாதீர்கள். முகம் தெரிந்துவிட்டால் நம் மூன்று பேருக்கும் தப்பிக்க வழியிருக்காது.

ரமாபாய்


சென்னை, ராயபுரம்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரமாபாய் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ராயபுரத்தில் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதுரைக்குப் போய் எழுதினால் ஒழுங்குபடுத்திவிடுவேன்.

அவர் இன்று வந்தார். கண்காட்சி மூடியிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் வரச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டு வந்ததால் சேலையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. பெயர் வரும் இடம் தாண்டியது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பெயர் அவருக்கு எதையும் சொல்லவில்லை. பொங்கல் வந்தது. நீங்கள் உங்கள் நைனாவின் குரலில் பேசுகிற இடம் வந்தது. அங்கே அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அப்ப அவனும் அந்த 'நைனா' எண்ட சொல்லை விட்டிட்டானோ?" என்றார்.

அது அவர்தானா என்று தெரியாது என்றேன். என் வேலை அது, சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் என்னைக் கொஞ்சம் பொறுமையோடு பார்த்தார். "எனக்கும் தெரியாதுதான், தங்கச்சி. நீங்கள் ஒவ்வொருதரமும் சொல்லத் தேவையில்லை" என்றார்.

மீதியையும் கேட்டார். உங்கள் நைனா துறைமுகத்தில் நின்றதுவரை. கழற்றி வைத்துவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தார். பேச்சைத் தூண்டத் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர், ஆனால் இன்று ஒரு கேள்வியும் வரவில்லை. கடைசியில் அவராகவே சொன்னார்.

"பேரைப் போடுங்கோ. இவ்வளவு வருசமும் ஒரு பேரில்லாத ஆளைத் திட்டிக்கொண்டு இருந்தனான். அது அவனாக இருந்தால், திட்டுறதுக்கு ஒரு பேர் இருக்கட்டும். இல்லாட்டி, அந்த அக்காவுக்கு அவவின்ர அண்ணன் இருக்கட்டும்."

உங்களைப் பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றார். 'இப்ப' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லை விடாமல் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவர் சரி என்றால் போடலாம் என்று குழு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து பெயர் ஒலிக்கும். முழுப் பெயர், உங்கள் வாயால். அவர் கேட்பதற்காக, வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்துத் திரும்ப ஒட்டும்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பெயரைச் சொன்னதும் நீங்கள் லேசாகச் சிரித்திருக்கிறீர்கள். சிறு பிள்ளை சத்தமாகப் பேசிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வதுபோல. பெயரோடு அதையும் வெட்டியிருந்தோம். என் தாளில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை.

இங்கிருந்து எர்ணாவூருக்கு வர நேரம் இருக்கிறது. வரத் துணிவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜூடி


எர்ணாவூர்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜூடிக்கு,

போய்க் கேட்டோம். இந்த முறை பட்டுப்புடவை கட்டவில்லை. வேலை முடிந்து அப்படியே போனோம். என் கையில் இரும்புத் துரு ஒட்டியிருந்தது.

பெயர் வருகிறது. நான் சிரித்தது எனக்கு நினைவே இல்லை. ஜெயவேல் மூன்று தரம் கேட்டார். பின்னால் காத்துக்கொண்டிருந்த காலேஜ் பையனிடம், "கேளு தம்பி, எங்க மச்சான்" என்று அவரே மாட்டிவிட்டார். மூன்று மேஜை தள்ளி இருந்த மேஜைக்கு நாங்கள் இருவரும் போகவில்லை. போக வேண்டும். அந்தம்மா என்னுடையதை உட்கார்ந்து கேட்டார், நானும் கேட்கத்தான் வேண்டும். அன்றைக்கு முடியவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கூட்டம். ஜெயவேல் நின்றுகொண்டே வந்தார். யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நைனா படத்துக்கு முன்னால் நின்றேன். அவர் செத்து இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு ஒரு சேதி இருந்தது. நைனா, அவன் உன்னைக் கண்டு கூச்சப்படல, உன்னைக் கூப்பிட வாயில்லாம பூட்டான். இப்படித்தான் சொல்ல நினைத்தேன். ஆட்டோவில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாயைத் திறந்தேன். அது அவனாக இல்லாமல் இருந்தால்? வேறு ஒருத்தியின் அப்பாவுடைய சாவை எடுத்து எங்கள் நைனாவுக்கு ஆறுதலாகக் கொடுத்தால்? அந்தப் படலையில் நின்றவன் இன்னொரு வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அந்த வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்களோ?

சொல்லவில்லை.

செங்குட்டுவன் என்று மட்டும் சொன்னேன். முழுப் பெயர், சத்தமாக. அடுப்படியில் இருந்த ஜெயவேல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரமாபாய்